விரல் எழும்வரை

பதினான்காம் பக்கத்தின் கடைசி வரியையும் படித்தாயிற்று. தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, உரையாளர் தலை நிமிர்ந்தார். தலைவரின் வலது கைச் சுட்டுவிரல் நாற்காலியின் கைப்பிடி மேல் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது.

அது எழுந்தால்தான் பேச்சு முடியும். புகழுரையைப் பேசுகிறவர் முடிக்கக் கூடாது, கேட்கிறவர்தான் முடிக்க வேண்டும் என்பது அந்த மண்டபத்தின் முறை. விரல் எழுமுன் நிறுத்துகிறவர், தலைவரின் புகழ் இவ்வளவுதான் என்று ஊருக்கு அறிவித்தவர் ஆகிவிடுகிறார். அதற்குச் சட்டப் புத்தகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. தண்டனை என்னவென்று மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள். எழுதாமல் விட்ட அந்த இடம்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஐந்து வருடங்களுக்கு முன் இதே மேசைக்குப் பின்னால் உரையாளரின் மச்சான் நின்றார். மனைவியின் அண்ணன். குரலெடுத்தால் கல்லும் காது கொடுக்கும். அன்றும் விரல் எழவில்லை. மச்சான் பத்து எண்ணும் நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைக்கு அடியிலிருந்த பலகைத் தட்டில் வைத்துவிட்டு, “அவ்வளவுதாங்க, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன்” என்றார். இரண்டு காவலர்கள் வந்தார்கள். பக்கக் கதவு திறந்தது, மூடியது. போனவர் போனவர்தான். கண்ணாடி மட்டும் இன்னும் அந்தத் தட்டில் இருந்தது. எடுக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. உத்தரவு இல்லாமல் எடுக்கிற துணிச்சல், துடைக்க வருகிறவர்களுக்குக்கூட இல்லை. கண்ணாடியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்கள்.

மச்சானின் பேச்சுகளைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்த தங்கை புருஷனான இவரையே அடுத்த வாரம் அந்த வேலையில் போட்டார்கள். பிழையில்லாமல் அடிப்பார் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்று காலை உரையாளர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கதவருகில் நின்றாள். வருடத்துக்கு ஒரு முறை, ஆண்டுவிழா நாளன்று, அவள் சொல்கிற ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

“எங்க அண்ணனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுறேன்னுதான் சொல்லிட்டுப் போனார்.”

“நான் வந்துடுவேன்.”

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அந்த வீட்டில் ஐந்து வருடங்களாகப் பேச்சைவிட மௌனம்தான் அதிகமாகப் புழங்கியது. நாற்காலி மாதிரி அதற்கும் ஓர் இடம் இருந்தது. சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மண்டபத்தின் பின்படிக்கட்டில் விசிறிக்காரர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிச் சத்தம் புகழுரையைக் கெடுக்கிறது என்று என்றோ கழற்றிவிட்டார்கள். தலைவருக்குப் பின்னால் தொங்கும் தடித்த திரைக்கு அப்பால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திரையின் இடுக்கு வழியாக நீண்ட கைப்பிடி விசிறியை ஆட்டுவது இவருடைய வேலை. முப்பது வருடம் ஆட்டியாயிற்று. விசிறியைப் பார்த்தவர்கள் உண்டு, அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இடதுகைக் கட்டைவிரலில் ஒரு கறுப்பு நூல் சுற்றியிருந்தது. எதையோ மறக்காமலிருக்கக் கட்டிக்கொண்டிருப்பார் என்று உரையாளர் நினைத்தார்.

“எத்தனை பக்கங்கய்யா இந்தத் தடவை?”

“பதினாலு. வருஷா வருஷம் கேக்குறீங்களே, எதுக்கு?”

“விசிறுற கை பாருங்க, எவ்வளவு தூரம்னு தெரிஞ்சா தைரியமா இருக்கும்.” அவர் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டார். “வீட்டுக்காரிக்கு மூணு நாளா இருமல். அவளும் தூங்கலை, என்னையும் விடலை. பதினாலுன்னா சரிங்க. பதினாலு.”

இப்போது பதினாலும் முடிந்துவிட்டது.

மேடையின் ஓரத்தில் மணிக்காரர் நின்றார். அவர் ஒரு முறை அடித்தால் கூட்டம் கை தட்ட வேண்டும், இரண்டு முறை அடித்தால் நிறுத்த வேண்டும். அவர் சட்டென்று ஒரு முறை அடித்தார். கைதட்டல் எழுந்தது. அந்த மண்டபத்தில் கைதட்டல் என்பது கூரையில் விழும் மழை மாதிரி. பழகிய காதுகளில் அது விழுவதேயில்லை. அந்தச் சத்தத்தின் மறைவில் மணிக்காரர் மேசையருகே வந்தார்.

“ஏன்யா நிறுத்திட்ட?”

“நிறுத்தலை. தாள் தீந்துடுச்சு.”

“தாள் தீந்துடுச்சா, தலைவர் புகழ் தீந்துடுச்சா?”

“ஐயோ, நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

“அப்பப் பேசு.”

“எதைப் பேச?”

“எனக்கென்னய்யா தெரியும்? என் வேலை மணி.”

இரண்டு முறை மணி அடித்தது. மண்டபம் அடங்கியது. உரையாளர் படித்த தாள்களையே மறுபடி அடுக்கினார். தாளில்லாமல் அவர் ஒரு வாக்கியமும் பேசியதில்லை. முன்னோரைப் பிடித்தால் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றியது.

“தலைவரைப் பெற்றெடுத்த பெருமைக்குரிய தந்தையார்...” என்று தொடங்கினார்.

முதல் வரிசை விறைத்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தந்தையாரைக் கோபுர அறையில் பதினொரு வருடம் பூட்டி வைத்துத்தான் தலைவர் தலைவரானார். பாடப்புத்தகம் அதை ‘ஓய்வு’ என்று சொல்லும். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்ததே இவர்தான்.

“அந்தத் தந்தைக்கு நிரந்தர அமைதியை வழங்கிய மகன்...” என்று ஒட்டுப் போட்டார். கிழிசலைவிட ஒட்டு பெரிதாகத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

தந்தையை விட்டுவிட்டு இல்லறத்துக்குத் தாவினார். “தலைவரின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் அன்புத் துணைவியார்...”

முதல் வரிசையில் இரண்டு அம்மாள்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“துணைவியார் எல்லோரும்!” என்று அவசரமாகத் திருத்தினார் உரையாளர்.

எல்லோரும் என்றால் மூன்றாமவரும் சேர்த்தி. மூன்றாமவர் எங்கே என்று இரண்டு வருடங்களாக யாரும் கேட்டதில்லை. மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் அதைக் கேட்காமல் இருந்தது. அந்தக் கேட்காமையின் சத்தம் காதை அடைத்தது.

மணிக்காரர் பாய்ந்து மணியடித்தார். கைதட்டலுக்கு நடுவே தண்ணீர்க்காரம்மா பித்தளைக் கூஜாவோடு மேடையேறி வந்தார்.

“ஆடு திருடுன மாதிரி முழிக்காதீங்க, குடிங்க.”

“ஏம்மா, உயிரோடதான் இருக்காரா?”

“வாயைக் கழுவுங்க. கண்ணு சிமிட்டுது பாருங்க.”

உரையாளர் ஓரக்கண்ணால் பார்த்தார். சிமிட்டத்தான் செய்தது. தலைவர் வாய் திறந்து பேசி ஏழு வருடமாகிறது. பேசத் தேவையில்லாத உயரத்தை அவர் எட்டிவிட்டார் என்று அரசிதழ் எழுதியிருந்தது. பேச்சு போனாலும் பார்வை போகவில்லை. ஆனால் நெற்றியிலிருந்து வியர்வை கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் விசிறி சாய்ந்தபடி சும்மா நின்றது. விசிறியைக்கூட வேண்டாமென்று விட்டாரே, எத்தனை கோபம் என்று உரையாளர் கணக்குப் போட்டார். மச்சான் பேசிய அன்றும் அந்த நெற்றி இப்படித்தான் வியர்த்திருந்தது.

பேச்சைப் பொதுப்பணிக்குத் திருப்பினார். கல்லும் மண்ணும் யாரை என்ன செய்யும்?

“தலைவர் கட்டிய பாலங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள்...”

மூன்றாவது வரிசையில் பாலத்துறை அமைச்சர் எழுந்து நின்றார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“மணலைக் கூட்டச் சொன்னது நான் இல்லைங்க!” என்று கத்தினார். “இடிஞ்சு விழும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எழுபது பேருன்னு சொல்றதெல்லாம் ஜாஸ்திங்க, அறுபத்திரண்டுதான்!”

இடிந்த பாலத்தைப் பற்றி உரையாளர் வாய் திறக்கவில்லை. பாலம் இடிந்த செய்தியே அவருக்கு அப்போதுதான் தெரியும். காவலர்கள் இருவரும் தலைவரின் விரலைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அசையாததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு அமைச்சரின் இரண்டு கைகளையும் பிடித்தார்கள். பக்கக் கதவு திறந்தது, மூடியது.

என்ன செய்வதென்று தெரியாமல் மணிக்காரர் மணியடித்தார். மண்டபம் கை தட்டியது. அமைச்சரின் பக்கத்து நாற்காலிக்காரர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

உரையாளர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ பார்த்த கைகள் மாதிரி இருந்தன.

“நான் சும்மா பாராட்டத்தானே செஞ்சேன்” என்றார் மணிக்காரரிடம்.

“இவ்வளவு நாளா அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். தொடர்ந்து பேசு.”

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலே மண்டபம் நடுங்கியது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் தண்ணீர்க்காரம்மா வந்தார். ஒவ்வொரு டம்ளருக்கு அடியிலும் மடித்த சீட்டுகள் இருந்தன.

‘தானியக் கிடங்கு பற்றி வேண்டாம்.’

‘ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரக் கூடாது. பிள்ளைகுட்டிக்காரன்.’

‘கடற்படை. எங்களிடம் கப்பல் இல்லை. பெரிய மனது பண்ணவும்.’

பகல் ஒரு மணிக்குள் மேசையில் சீட்டுகள் குவிந்துவிட்டன.

“காலைப் பிடிக்காத குறையா குடுத்து விடுறாங்க” என்றார் தண்ணீர்க்காரம்மா. “இடுப்புல செருக இடமில்லை.”

“இதைப் பத்திப் பேசலாம்னு ஒருத்தர்கூட எழுதலையா?”

“நூலகத்துறை எழுதியிருக்கு.”

“என்னன்னு?”

“‘எங்களைப் பத்தி என்ன வேணாலும் பேசிக்கோங்க, மூடி மூணு வருஷமாச்சு’ன்னு.”

மணி இரண்டானது. மூன்றானது. மழையைப் பேசினார், மலையைப் பேசினார், தலைவரின் காலணியைக்கூட அரைமணி நேரம் பேசினார். உவமையாகச் சிங்கம் வந்து போயிற்று. சூரியன் இரண்டு தரம் உதித்தது. கை தட்டிக் கை தட்டிக் கூட்டத்தின் உள்ளங்கைகள் வீங்கிவிட்டன. ஒரு முதிய நீதிபதி தொடையில் ஒரு கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனது. மனைவி தட்டை எடுத்து வைத்திருப்பாள். பிறகு மூடி வைத்திருப்பாள். பிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்து வருடங்களுக்கு முன் மூடி வைத்த தட்டு மறுநாளும் அப்படியே இருந்ததை இவர் பார்த்திருக்கிறார்.

நாலு மணிக்குச் சொல் எல்லாம் வற்றிப்போயிற்று. நாட்டில் பேசக்கூடிய பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. யார் தலையும் உருளாத ஒரே விஷயம் அவருடைய சொந்த வீடுதான். உருண்டால் அவர் தலைதான் உருளும்.

“தலைவர் அருளால் எங்களுக்கு ஒரு கூரை இருக்கிறது” என்றார். தொண்டை கரகரத்தது. “மழை பெய்தால் அது ஐந்து இடங்களில் எங்களை நினைத்து அழுகிறது.”

பின்வரிசையில் ஒரு சிரிப்புப் புறப்பட்டு, பாதியில் இருமலாக மாறியது.

விரல் எழவில்லை.

“தலைவர் எங்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார். அதைக் கற்க என் மனைவி காலை ஐந்து மணிக்கு மாவுக் கடை வரிசையில் போய் நிற்கிறாள். பத்து மணிக்கு மாவில்லாமல், பொறுமையோடு மட்டும் திரும்பி வருகிறாள்.”

இப்போது யாரும் இருமவில்லை. மணிக்காரர் மணியை மறந்து நின்றார். விரல் எழவில்லை. உரையாளர் குனிந்தார். தட்டில் கண்ணாடி இருந்தது. ஒரு வில்லையில் தூசு, மற்றதில் அவருடைய முகம் சின்னதாக.

மேடைத் தமிழ் அவர் நாக்கிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது.

“இங்க ஒரு கண்ணாடி இருக்குங்க. எங்க மச்சானோடது. அன்னைக்கு நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். அவரைக் கூட்டிட்டுப் போறப்ப மணி அடிச்சுது. எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன். வீட்டுல என் சம்சாரம் கேட்டா, என்ன நடந்துச்சுன்னு. குனிஞ்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னேன். பாத்தேங்க. கதவுகிட்ட நின்னு அவர் என்னைத்தான் தேடினார். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டதால அவருக்கு நான் தெரியலை. தெரியலையேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியோடதான் இந்த வேலைக்கு வந்தேன்.”

அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

மண்டபத்தில் அப்படியொரு மௌனம் அதற்கு முன் இருந்ததில்லை. பயந்து அடங்கிய மௌனத்துக்கு ஒரு நெடி உண்டு. இதில் அந்த நெடி இல்லை. அவர் மனதுக்குள் எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து எண்ணி முடித்தார். மச்சான் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. காவலர்களில் ஒருவர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். பதினொன்று. இன்னும் ஓர் அடி.

தண்ணீர்க்காரம்மாவின் கையிலிருந்து பித்தளைக் கூஜா நழுவி, மேடைப் படிகளில் நங்கு நங்கென்று உருண்டு, முதல் வரிசை வரை போய் நின்றது.

விரல் எழுந்தது.

விசுக்கென்று, பயந்து எழுந்த மாதிரி நேராக எழுந்து நின்றது. தலைக்கு மேல் விசிறி ஆடத் தொடங்கியது. காவலர் வந்த சுவட்டிலேயே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மணிக்காரர் ஓடிவந்து உரையாளரைக் கட்டிக்கொண்டார்.

“என்ன பேச்சுய்யா! ஏழு மணி நேரம்! தலைவர் ஆடாம அசையாம கேட்டார்யா. இந்த மண்டபம் கட்டினதுலேருந்து இப்படி ஒண்ணு நடந்ததில்லை!”

காலையிலிருந்து சீட்டு அனுப்பியவர்கள் எல்லாம் கை குலுக்க வரிசையில் நின்றார்கள். எல்லோர் உள்ளங்கையும் சூடாக இருந்தது. உரையாளர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்தார். யாரும் உத்தரவைக் கேட்கவில்லை. சட்டை நுனியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நடைவழியில் தனியாக நடந்தபோது அவருக்குள் ஏதோ மெல்ல இளகியது. பொய்யைக் கேட்கும்போதெல்லாம் ஒரு மணி நேரத்தில் விரலை உயர்த்திவிடுகிற மனிதர், உண்மை வரும்வரை ஏழு மணி நேரம் காத்திருந்தார். அது வந்த பிறகுதான் போதும் என்றார். அந்த உறைந்த முகத்துக்குள் யாரோ இருக்கிறார்கள். காது கொடுக்கிறார்கள். மச்சான் பேசிய அன்றும் இதற்குத்தான் காத்திருந்தாரோ? மச்சான் இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால்? அந்த நினைப்பு வலித்தது. வலித்தாலும், ஐந்து வருடங்களில் முதல் முறையாக அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. தலைவரால் கேட்க முடிந்தால் மனைவியாலும் முடியும். இன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியை அவள் கையில் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

பின்படிக்கட்டில் விசிறிக்காரர் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. ஒரு கன்னத்தில் திரைத்துணியின் மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் உரையாளர். “தலைவர் கேட்டாருங்க. நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.”

விசிறிக்காரர் உரையாளரின் பைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியின் காதுக் கம்பியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடதுகைக் கட்டைவிரலில் சுற்றியிருந்த கறுப்பு நூலைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

“மன்னிச்சுக்கோங்கய்யா, அவருக்குக் கை விழுந்து ஏழு வருஷமாச்சு, விரலைத் தூக்குறது இந்த நூலுதான், உங்க மச்சான் பேசுன அன்னைக்கு மாதிரியே இன்னைக்கும் நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்.”